ராஜமணியின் பாறைக்குழி

லாரியைப் பேரூராட்சி அலுவலக முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ சுஜாவைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அவள் லாரியின் பின்கதவருகே நின்றிருந்தாள். கதவின் இடுக்கிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. படத்தில் அது தெரியவில்லை.

உள்ளே கோழிக்கழிவு. மாநில எல்லைக்கு அப்புறமுள்ள கறிக்கடைகளில் சேர்ந்த குடல், தலை, இறகு. அங்கே கொட்ட இடமில்லை. இங்கே இருக்கிறது.

சுஜா காஞ்சிரவிளை பேரூராட்சியின் கவுன்சிலர். தையல் கடை வைத்திருந்தவள், சுயேச்சையாக நின்று ஜெயித்தாள். அவளுடைய வார்டு பள்ளத்துவிளை. மேட்டில் ராஜமணியின் ரப்பர்த் தோட்டம். அதற்குள் கல் எடுத்துக் கைவிட்ட ஒரு பாறைக்குழி. மேட்டின் அடியில் வீடுகள், வீட்டுக்கு ஒரு கிணறு. அலுவலகம் அந்த வீடுகளைத் தாண்டி முக்கில் இருந்தது.

சுஜா வாக்குக் கேட்டுப் போனபோது மேட்டடி வீட்டு ஞானசெல்வி தன் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். தண்ணீரின்மேல் கொழுப்பு வட்டவட்டமாக மிதந்தது.

"மோந்து பாருங்க. இதுல நீங்க சோறு வெப்பியளா?"

சுஜா மோந்தாள். இனி ஒரு லாரியும் மேலே ஏறாது என்றாள். வேறு எந்த வாக்குறுதியும் அவள் கொடுக்கவில்லை.

ஜெயித்த பிறகு மனுக்கள் கொடுத்தாள். மனுக்களுக்கு ரசீது கிடைத்தது. லாரிகள் ஏறின. ஒவ்வொரு மழைக்கும் கிணறுகள் நாறின. கடைசியில் ஒரு விடியற்காலையில், முந்திரி ஆலைக்குப் போகக் கிளம்பிய பெண்களைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே இரண்டு பெஞ்சுகளைப் போட்டாள். ஞானசெல்வி பெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டாள். லாரி அவள் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது.

எங்கே கொண்டுபோகிறாய் என்று சுஜா ஓட்டுநரிடம் கேட்டாள். ராஜமணி சாரின் குழிக்கு என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். வந்த போலீஸ்காரர் அடையாளம் தெரியாத நபரின் நிலத்துக்கு என்று எழுதினார். ஓட்டுநர் பெயர் சொன்னானே என்று அவள் கேட்டதற்கு, அது விசாரணையில் வரும் என்றார்.

வரவில்லை.

முற்றத்தில் நிற்கும் லாரி வழக்குச் சொத்து, நீதிமன்றம் சொல்லாமல் அசைக்கக் கூடாது என்றார்கள் போலீசார். நீதிமன்றத்துக்கு விடுமுறை. வண்டி எங்கள் பொறுப்பு, சரக்கு உங்கள் பொறுப்பு என்று பேரூராட்சிக்குச் சொன்னார்கள். சரக்குதான் சாட்சியம், போலீசார் எழுத்தில் கொடுக்காமல் தொட முடியாது என்றார் செயல் அலுவலர். வண்டியின் சொந்தக்காரர் போனை அணைத்துவிட்டார். திருப்பி அனுப்பலாமா என்று சுஜா சோதனைச்சாவடியில் விசாரித்தாள். அவர்கள் வண்டியின் பர்மிட் எங்கே என்றார்கள்.

தார்ப்பாய் உப்பியது. முற்றத்தில் தேங்கியது கெட்டியாகி, மேலே ஆடை படிந்தது. புழுக்கள் டயர் வழியாக இறங்கி முற்றத்தைக் கடந்து நூலகப் படியில் ஏறின. நூலகர் படியில் உப்பைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நாய்கள் இழுத்துப்போனவை வீடுகளின் வாசலில் கிடந்தன. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு ஆக்கிய சோற்றில் காகம் ஒரு குடல்துண்டைப் போட்டது. ஆயா அதை எடுத்து எறிந்துவிட்டுச் சோற்றைப் பரிமாறியதாகப் பேச்சு வந்தது. இல்லை என்று அவள் அழுதாள். அங்கன்வாடியைப் பூட்டினார்கள்.

சுஜாவுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. முதல் நாள் "நம்ம பிடிச்ச லாரி" என்று சொன்னவர்கள் இப்போது "உங்க லாரி" என்றார்கள். முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் அன்று எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார். இப்போது அவள் கடந்துபோகும்போது காறித் துப்பினார். துப்பியது நாற்றத்துக்காகத்தான் என்று அவள் வைத்துக்கொண்டாள்.

புதைக்க ஒரு இடம் தேடினாள். பேரூராட்சியின் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நிலம் உள்ளவர்கள் வீட்டுக்குப் போனாள். ஒருவருக்குப் பக்கத்தில் கிணறு இருந்தது. ஒருவருக்கு மகளுக்குக் கொடுக்கவேண்டிய நிலம். துபாயில் இருந்த ஒருவர் வீடியோவில் வந்து, அவளுடைய போராட்டத்தைப் பாராட்டி, தன் நிலத்தின் பெயரைக்கூட எடுக்க வேண்டாம் என்றார். அவளுடைய நிலம் நாலு சென்ட். அதில் வீடும் கிணறும் போக ஒரு முருங்கை நின்றது. சந்துக்குள் லாரி நுழையாது. நுழைந்தால் கொட்டியிருப்பேனா என்று யோசித்தாள். யோசனையைப் பாதியில் விட்டாள்.

நான்காம் நாள் அவசரக் கூட்டம். ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். மேசைக்கு இரண்டாக ஊதுபத்தி எரிந்தது. ஊதுபத்தியும் அழுகலும் கலந்து பழம் கெட்ட வாடை அடித்தது. அதற்குள் உட்கார்ந்து உறுப்பினர்கள் உளுந்துவடை தின்றார்கள். தலைவர் டைட்டஸ் விரல்களைத் துடைத்துவிட்டுத் தீர்மானத்தைப் படித்தார்.

மக்கள் நலன் கருதி, சமூக ஆர்வலர் திரு. ராஜமணி அவர்கள் தமது நிலத்திலுள்ள பாறைக்குழியை அளிக்க முன்வந்துள்ளார். சரக்கு அங்கே புதைக்கப்படும். உரிய கட்டணம் பேரூராட்சி நிதியிலிருந்து வழங்கப்படும். மேலும், அக்குழியைக் கழிவு மேலாண்மை மையமாக அறிவித்து, வெளியூர் வண்டிகளிடம் கட்டணம் வசூலித்தால் பேரூராட்சியின் வருவாய் பெருகும், உள்ளூரில் வேலைவாய்ப்பு உண்டாகும். வார்டு உறுப்பினர் சுஜா அவர்களின் வேண்டுகோளின் பேரில் இது கொண்டுவரப்படுகிறது.

சுஜா எழுந்தாள். தான் அப்படிக் கேட்கவில்லை என்றாள். லாரியை அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தீர்களே என்று செயல் அலுவலர் அவளுடைய மனுவைக் காட்டினார்.

"தலைவரே, அந்த வண்டி அந்தக் குழிக்குத்தான் போய்ட்டிருந்தது," என்றாள்.

"அதுக்கென்ன மெம்பரே," என்றார் டைட்டஸ். "பாதி வழியில நீங்க நிறுத்தினிய. மிச்ச தூரம் நாங்க கொண்டுபோறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். வடையை வாயில் வைத்திருந்த ஒருவருக்குப் புரை ஏறியது.

கிணறுகள் என்றாள் அவள். அதற்குத்தான் சம்மதக் கடிதம் வாங்கியிருக்கிறோம் என்று டைட்டஸ் ஒரு தாளை நீட்டினார். மேட்டடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து ஞானசெல்வியுடையது.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்று.

சுஜா நேராக ஞானசெல்வி வீட்டுக்குப் போனாள். ஞானசெல்வி கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஒரு புதிய கருப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பக்கத்து வீட்டு முற்றத்திலும் ஒன்று நின்றது. அதற்கடுத்த வீட்டிலும்.

"ராஜமணி அண்ணன் தந்தது," என்றாள் ஞானசெல்வி, கேட்பதற்கு முன்பே.

"இதுல வெள்ளம் ஆரு விடுவா அக்கா?"

"பஞ்சாயத்து வண்டி விடுமாம்."

"எத்தன நாளைக்கு?"

ஞானசெல்வி மீனின் செவுளைப் பிடுங்கினாள்.

"பிள்ளே, கெணத்துல உள்ளது மழ வந்தாத்தான் வரும். இது இப்ப மூக்குக்குள்ள இருக்கு. நாலு நாளா எனக்க மக ஒரு வாய் திங்கல்ல. தின்னா ஓக்காளம். இந்த ஞாயித்துக்கெழம அவள பாக்க ஆளு வருகு. இந்த நாத்தத்துல ஆரு வந்து கால வெப்பா?"

"நீங்கதான அக்கா பெஞ்சுல இருந்திய."

"இருந்தேன். இல்லேண்ணு சொல்லல்ல. நீ அத எங்க வாசல்ல கொண்டு விடுவேண்ணு அப்ப தெரியாது."

மீன்வாடையும் வெளியே இருந்து வந்த வாடையும் அந்தச் சின்ன அறையில் ஒன்றாகின. சுஜா எழுந்து வாசலுக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் காலையில் நீதிமன்ற உத்தரவு வந்தது. ஓட்டுநர் ஜாமீனில் வந்திருந்தான். அவனையே வண்டியை எடுக்கச் சொன்னார்கள். வழியில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள். ஒரு பெண், மெம்பர் சொன்னதைச் செய்துவிட்டார் என்று சுஜாவின் காதுபடச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை.

சுஜா லாரிக்கு முன்னால் நடந்தாள். தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில், அன்று பெஞ்சு போட்ட இடத்தில், திரும்பி நின்றாள். இன்று பெஞ்சு இல்லை. ஓட்டுநர் பிரேக் போட்டான். சரக்கு உள்ளே அலைந்தது. தார்ப்பாயின் ஓரம் வழியாக ஒரு கை அளவு வெளியே சிந்தியது.

அவன் தலையை வெளியே நீட்டினான்.

"சேச்சி, மாறி நில்லுங்க. இன்னைக்குப் பேப்பர் உண்டு."

அவன் கையில் தீர்மானத்தின் நகல் இருந்தது. அவள் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கூட்டத்தில் யாரோ, இவளுக்கு ஓட்டுப் போட்ட கையை வெட்டணும் என்றான். பிறகு ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது. ஞானசெல்வி. இழுக்கவில்லை. பிடித்தபடி நின்றாள்.

"மாறு மக்களே," என்றாள், சொந்த மகளிடம் சொல்வதுபோல. "இதோட கழிஞ்சு போகட்டு."

சுஜா மாறி நின்றாள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை இரண்டு இடத்தில் வளைந்தது. கடைசி வளைவிலிருந்து பின்பக்கமாகவே போக வேண்டும். யாரும் கை காட்டவில்லை. ஓட்டுநர் கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்காமல், ஒரே எடுப்பில், குழியின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினான். டைட்டஸ் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

கதவைத் திறந்தார்கள். முதலில் தண்ணீராக வந்தது. பிறகு கட்டியாக, ஒரு பெரிய மிருகம் ஈனுவதுபோல, விட்டு விட்டு விழுந்தது. குழியின் அடியில் பழைய சரக்கின் எலும்புகள் வெளுத்துக் கிடந்தன. புதியது அவற்றை மூடியது. ஈக்கள் எழும்பி, ஆட்களின் முகத்தில் மோதி, மறுபடி இறங்கின. ராஜமணி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேரூராட்சியின் பிளீச்சிங் பவுடரைத் தன் கையாலேயே தூவினார். நல்ல மனிதர் என்று ஒருவர் சொன்னார்.

பேரூராட்சி எழுத்தர் போனை எடுத்தார். பில்லுக்குப் படம் வேண்டும். இடமும் நேரமும் படத்திலேயே விழும். கவுன்சிலர் முன்னிலையில் புதைத்தது என்று தீர்மானத்தில் இருப்பதால் கவுன்சிலர் நிற்க வேண்டும் என்றார். சுஜா நிற்க மாட்டேன் என்றாள். கையெழுத்தும் போட மாட்டேன் என்றாள். அவளுடைய குரல் உயரவில்லை. எழுத்தர் டைட்டஸைப் பார்த்தார். டைட்டஸ் ராஜமணியைப் பார்த்தார்.

"பொம்பள ஒருத்தி நின்னா போதும்லா," என்றார் ராஜமணி. "வார்டுகாரி. எட்டி ஞானசெல்வி, இஞ்ச வா."

ஞானசெல்வி சுஜாவின் முகத்தைப் பார்க்காமல் போனாள். குழியின் விளிம்பில், ராஜமணிக்கும் டைட்டஸுக்கும் நடுவே நின்றாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கிடையே சரிவும், சரிவின் அடியில் அவளுடைய வீட்டு ஓடும் தெரிந்தன.

எழுத்தர் போனைத் தாழ்த்தினார்.

"அம்மா, துணிய எடுங்க. முகம் தெரியணும்."

ஞானசெல்வி துணியை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். கன்னம் உப்பியது. அப்படி நிற்கக் கூடாது, சாதாரணமாக நில்லுங்கள் என்றார் எழுத்தர். அவள் மூச்சை விட்டாள். பிறகு இழுத்தாள்.

எழுத்தர் இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் அவள் கண் மூடியிருந்ததாம். மூன்றாவதும் எடுத்தார்.