கோச்சோட மாமா

கால்பந்து வட்டாரத்தில் அவனுக்கு ‘வாடகை’ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பெயர் சட்டையின் முதுகில் பெரிதாக அச்சாகியிருந்தாலும், உடைமாற்றும் அறையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஏதாவது ஒரு கிளப்பின் ஸ்ட்ரைக்கருக்குக் கால் உடைந்தால் இவனைக் கூப்பிடுவார்கள். அந்தக் கால் கூடியதும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

மோசமான ஆட்டக்காரன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தலையால் முட்டுவதில் கெட்டிக்காரன். கோலும் அடிப்பான். ஆனால் இவன் அடிக்கிற கோல் எல்லாம் முட்டியில் பட்டு, தோளில் பட்டு, கோல்கீப்பரின் கால் இடுக்கில் உருண்டு உள்ளே போகும். மறுநாள் அதைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது. இவனுக்கென்று ஒரு பாட்டு கட்டிப் பாட எந்த ஊர் ரசிகனுக்கும் தோன்றியதில்லை.

மனைவி வாய் திறந்து குறை சொன்னதில்லை. ஊர் மாறும்போதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் போகும். புது ஊரில் மறுபடி அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்பாள். மகளுக்கோ, புது வகுப்பில் முதல் நாள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் வம்புக்கு வரமாட்டார்கள் என்பது அத்துப்படி. அந்த வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

அவனுக்கு முப்பத்து நான்கு முடிந்த வருஷம், மனைவியின் தம்பி ஒரு இரண்டாம் பிரிவுக் கிளப்புக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனான். மச்சினன் ஆட்டக்காரனாகப் பெரிதாகச் சோபிக்கவில்லை. முதுகில் அடிபட்டு இளம் வயதிலேயே பூட்ஸைக் கழற்றியவன். ஆனால் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன். பதவி கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம் அக்காவுக்குப் போன் போட்டதுதான். எல்லோரும் இங்கேயே வந்துவிடுங்கள், மாமா என் டீமில் ஆடட்டும், இனிமேல் மூட்டை கட்ட வேண்டாம் என்றான். அவள் போனை வைத்துவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். புருஷனுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் குழாய்.

மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தது. மகள் பள்ளியில் சேர்ந்து, ஒரு மாதத்துக்குள் தோழி ஒருத்தியை வீட்டுக்கே கூட்டிவந்தாள். மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. எல்லாம் கூடி வந்தது. கோல்தான் வரவில்லை.

பயிற்சியின்போதே சிக்கல் தெரிந்தது. மச்சினன் மற்றவர்களை “ஓடுடா, ஏறுடா” என்று விரட்டுவான். அக்கா புருஷனை அப்படிச் சொல்ல வாய் வராது. எல்லார் முன்னாலும் மாமா என்றும் கூப்பிட முடியாது. அதனால் அவனைப் பார்க்காமல் புல்லைப் பார்த்து, “அந்தப் பக்கம் போனா நல்லாயிருக்கும்” என்பான். நாலு நாளில் அது டீம் முழுக்கப் பரவிவிட்டது. குளியலறையில் சோப்பு வேண்டுமென்றாலும், “சோப்பு இந்தப் பக்கம் வந்தா நல்லாயிருக்கும்” என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான்.

டீம் தோற்கத் தோற்க, வெளியே இருந்தவர்களுக்கும் சங்கதி தெரிந்துவிட்டது. ‘இது டீமா, சம்பந்தி வீடா?’ என்று அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். பந்து அவன் காலுக்கு வந்தால் போதும், மாமா என்ற சொல்லை எவ்வளவு கேவலமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கேவலமாகப் பார்வையாளர் மேடை மொத்தமும் கத்தும். பெஞ்சில் ‘ஸ்பிரிங்’ என்ற இளம் ஸ்ட்ரைக்கர் துறுதுறுவென்று உட்கார்ந்திருந்தான். அவனை இறக்கு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.

‘வாடகை’க்கே தெரியும், தன் வலது முட்டி போய்விட்டது என்று. பந்து எங்கே விழும் என்று கண் சொல்லிவிடும். கால் அரை அடி தாமதமாகப் போய்ச் சேரும். ஸ்ட்ரைக்கருக்கு அந்த அரை அடிதான் எல்லாம். முட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிசியோ, முழு ஆட்டம் இது தாங்காது, நீங்களே கோச்சிடம் சொல்லிவிடுங்கள் என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்.

அந்த வாரம் தோற்றால் கோச்சை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று கிளப் தலைவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆட்டத்தன்று காலையில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்களா போய்ச் சொல்லிடுங்க, இன்னிக்கு நான் உட்கார்றேன்னு. அவன் வாயால சொல்ல மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான்.”

சரி என்றான். சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போனான். பயிற்சியாளர் அறையில் மச்சினன் தனியாக இருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. பலகையில் பத்துப் பேருடைய இடம் குறித்திருந்தது. முன்னால் ஸ்ட்ரைக்கரின் இடம் மட்டும் காலி.

“முட்டி எப்படி இருக்கு, மாமா?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். வெளியே இருந்து புல் வெட்டிய வாசனையும், கூட்டம் உள்ளே வரும் இரைச்சலும் வந்தன. இன்றைக்கு உட்கார்ந்தால் இனி எழுந்திருக்கவே மாட்டோம் என்று பட்டது.

“நல்லாயிருக்கு,” என்றான்.

மச்சினன் அவன் முட்டியை ஒரு தடவை பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து அந்தக் காலியிடத்தில் அவன் எண்ணைப் போட்டான்.

ஆட்டம் கோல் இல்லாமலே இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் எதிரணிக் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். காலிக் கோல். அவன் மகள்கூட அடித்துவிடுவாள். அவன் பாய்ந்தான். பூட்ஸின் நுனி மட்டும் பட்டு, பந்து கம்பத்துக்கு வெளியே நொண்டிக்கொண்டு போனது. அதே பந்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அந்தப் பக்கம் கோல் அடித்துவிட்டார்கள். மறுநாள் மச்சினனுக்கு வேலை இல்லை.

கிளப் கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சினன் அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தான். மகளின் அறையில் மடக்குக் கட்டில் போட்டார்கள்.

‘வாடகை’யின் கணக்கும் இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் வயசாளி. பேச்சை விட இருமல் அதிகம். முதல் நாளே அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“உனக்கு முட்டி போச்சு, தலை இருக்கு. முதல் ஒரு மணி நேரம் பேசாம உட்காரு. அவனுங்க களைச்சதும் உன்னை இறக்கறேன். பெனால்டி பாக்ஸை விட்டு வெளிய வந்தே, அடுத்த நிமிஷம் தூக்கிடுவேன்.”

இத்தனை நாள் கழித்து ஒருவர் தன்னை நீ என்று அதட்டியது அவனுக்கு நெஞ்சு குளிர்ந்த மாதிரி இருந்தது. இறங்கினான், நின்றான், அடித்தான். அடுத்த வாரமும் அடித்தான். முதல் ஒரு மணி நேரம் ஸ்பிரிங் ஓடி ஓடி எதிரணியின் நாக்கைத் தள்ள வைப்பான். அப்புறம் இவன் போய்த் தலையை நீட்டுவான். டீம் மேலே ஏறியது. அதே மேடை, அதே வாய்கள், மாமா என்ற அதே சொல்லை வைத்து ஒரு பாட்டுக் கட்டிவிட்டன. வாழ்நாளில் அவனுக்குக் கிடைத்த முதல் பாட்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குக் காது கூசியது.

வீட்டில் அந்தக் கோல்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஜெயித்துவிட்டு வந்து பூனை மாதிரி செருப்பைக் கழற்றுவான். மனைவி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பரிமாறுவாள், இரண்டு பேர் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஒருநாள் மகள் சொன்னாள், போனில் ஆட்டம் பார்த்து, “உங்கப்பா அடிச்சிட்டாரு” என்று ஓடிவந்து சொன்னது மாமாதானாம். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். அதைக் கேட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் பால்கனியில் அவன் துணி காயப்போடும்போது மச்சினனும் வந்து ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தான். அது கிளப் சட்டை. உதறிக் கொடியில் போட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

“கடைசி அரைமணி நேரம் மட்டும் உங்களை இறக்கணும்னு நானும் நினைச்சேன், மாமா. வந்த மாசமே நினைச்சேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல.”

அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. “அன்னிக்கு முட்டி நல்லாயிருக்குன்னு சொன்னேனே, அது பொய்,” என்றான்.

“தெரியும். பிசியோ முந்தின நாளே சொல்லிட்டாரு.”

“அப்புறம் ஏண்டா என்னை இறக்கின?”

“நீங்களே ஆடறேன்னு சொன்னப்புறம் வேணாம்னு சொல்லிட்டு, அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?”

உட்கார்றேன்னு நீங்களே சொல்லிடுங்க என்று அந்த அக்காதான் அன்றைக்குச் சொல்லி அனுப்பினாள் என்பதை அவன் அப்போதும் சொல்லவில்லை. பக்கெட்டில் மிச்சமிருந்த துணிகளை இரண்டு பேருமாகப் போட்டு முடித்தார்கள்.

சீசன் முடிந்ததும் மச்சினனுக்குத் தூரத்தில் ஒரு சின்னக் கிளப்பில் துணைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. மகள்தான் ரொம்ப அழுதாள். அதே வாரம் கிளப் தலைவர் இவனைக் கூப்பிட்டு, இன்னொரு வருஷம் இரு என்றார். பந்தாட ஆரம்பித்த நாள் முதல் ஒரு கிளப் இவனை இரு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சொன்னான். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“போடுங்க கையெழுத்து,” என்றாள். தலை நிமிரவில்லை.

அந்த வருஷமும் ஓடியது. கோல் குறைந்தது, முட்டியில் போடும் ஊசி கூடியது. கடைசி ஆட்டத்தில் மேடை எழுந்து நின்று பாடியது. மனைவி வந்திருந்தாள், எல்லோரும் எழுந்தபோது அவளும் எழுந்தாள். அவ்வளவுதான்.

பூட்ஸைக் கழற்றிய பத்தாம் நாள் மச்சினன் போன் செய்தான். அங்கே அவன்தான் இப்போது தலைமைப் பயிற்சியாளர். ஸ்ட்ரைக்கர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமாம்.

“நீங்க வந்தா நல்லாயிருக்கும், மாமா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தான். மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? முடியாதுன்னு சொல்லிடுங்க. அவன் கூப்பிடத்தான் செய்வான். அவனுக்குக் கூப்பிட மட்டும்தான் தெரியும், வேணாம்னு சொல்லத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும். இந்தத் தடவையாவது சொல்லுங்க.”

இத்தனை மாதம் அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்தது அந்த ‘தடவையாவது’ என்ற ஒற்றைச் சொல்லில் வெளியே வந்துவிட்டது.  மறுநாள் காலையில் அவன் போன் போட்டு, முட்டி சரியில்லை, என்னால் ஆகாது என்றான். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. நிம்மதி மூச்சு. மறைக்க முயன்றும் மறையவில்லை.

“சரி மாமா. உடம்பைப் பாத்துக்கங்க. அக்காகிட்ட கொடுங்க.”

போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே, பள்ளிக்குக் கிளம்பும் மகளின் தலைமுடியை அவன் வாரத் தொடங்கினான்.