பெல்ட்டைப் பிடித்த கை

...இல்லை, சிரிக்கவில்லை, மேடம் மூக்குக்கண்ணாடியைத்தான் சரிசெய்துகொண்டார், சிரித்ததுபோல் இவளுக்குத்தான் பட்டது, சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, இருக்கிறதே, இவளுடைய மார்க் இருக்கிறதே, அதைவிட வேறென்ன வேண்டும். பயிற்சி அறையின் அந்தக் கோடியில் பிசியோ மேடம் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார், தட்டுவது இவளுக்கான பரிந்துரைக் கடிதம், இந்த உதவியாளர் பெண்ணைப் பிசியோதெரபி கல்லூரியில் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதைப் பற்றி, இன்று மாலையோடு விண்ணப்பம் மூடுகிறது. இந்தக் கோடியில் இவள், இவள் கையில் ஒரு பெல்ட், நடக்கப் பழகுகிறவர் விழாமல் பிடிக்க இடுப்பில் கட்டுவது, பெல்ட்டுக்குள் பஸ் டிரைவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன பெரிய உடம்பு. "ரைட் சொல்லுங்க கண்டக்டர்" என்றார். பின்னாலேயே வருவதால் இவள் அவருக்குக் கண்டக்டர். "போலாம் ரைட்" என்றாள், இடது கால் இழுபட்டு வந்தது, அடுத்து வலது, வலது காலைத் தூக்குகிற அந்த நொடிதான் ஆபத்து, மொத்த உடம்பும் அந்த நோஞ்சான் இடது காலில் நிற்க வேண்டும், நிற்குமா, எங்கே நிற்கப்போகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடித்து மேலே தூக்கினாள்.

போன வருஷம் சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண் என்று கல்லூரி ஓர் எண்ணைப் போட்டிருக்கிறது, அதை யார் கேட்டார்கள், கொஞ்சம் குறைவு என்றால் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடலாம், இவளுடையது எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் கிடக்கிறது. ஆபீசுக்குப் போன் செய்து கேட்டாள், எடுத்தவர் நல்ல மனிதர்தான், "போடலாம்மா, யார் வேணும்னாலும் போடலாம்" என்றார், அந்த 'யார் வேணும்னாலும்' அன்று முழுக்கச் சோறு இறங்க விடவில்லை. மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இருந்தால் எழுதவும் என்று வேறு கேட்கிறார்கள், மற்றவர்களுக்கு ஏதாவது இருக்கும், வீட்டில் ஒரு நோய், ஒரு சாவு, இவள் வீட்டில் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள், அப்பா தும்மிக்கூடப் பார்த்ததில்லை, அம்மா வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள், தம்பி அதே மேசையில் அதே விளக்கில் படித்து மார்க்கை அள்ளிக்கொண்டு போனான், ஒரு காரணத்துக்குக்கூட வழியில்லாத வீடு. நிஜமான காரணத்தை எந்த முகத்தோடு எழுதுவது... சரியான விடையைத்தான் முதலில் எழுதுவாள், எழுதிவிட்டுப் பார்ப்பாள், நான் எழுதியது எப்படிச் சரியாக இருக்கும், அடித்துவிட்டுத் தப்பானதை எழுதுவாள். "அடிச்சதுக்கு மார்க் போட்டா நீதான்டி ஃபர்ஸ்ட்" என்று உயிரியல் டீச்சர் வகுப்பில் சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

கை இருக்கிறதே, அதனால்தான் விண்ணப்பத்தில் கையைப் பற்றி எழுதினாள், மார்க் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது என்று. இந்தக் கிளினிக்கில் இவளைத் தேடாத ஆள் உண்டா, தோள்பட்டை வலிக்கு வருகிற டீச்சர் இவள்தான் வேண்டும் என்பார், முழங்கால் மாமி போகும்போது கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார், 'என் பிடியில் நோயாளிகள் பயமில்லாமல் நடக்கிறார்கள்' என்று எழுதினாள், எழுதிய அன்று அது ஒன்றைத்தான் அடிக்காமல் விட்டாள். மேடத்திடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்டாள், "எழுதித் தரேன், ஆனா நான் பார்த்ததைத்தான் எழுதுவேன், சரியா?" என்றார், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள், என்ன பார்த்திருப்பார், எதையெல்லாம் பார்த்திருப்பார், ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதையா, கைபேசியை நோண்டியதையா, இவ்வளவு நேரமாகவா தட்டுவார்கள், நல்லதாக எழுத இவ்வளவு நேரம் ஆகாதே.

டிரைவர் நின்றுவிட்டார். பக்கக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியில் இவளைப் பார்த்தார். "கண்டக்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" இல்லை என்றாள். "நீங்க பிடிச்சா எனக்குப் பயமா இருக்கு. காலை ஷிஃப்ட்ல வர்ற தம்பி பிடிச்சா அப்படி இல்ல. நீங்க தூக்கத் தூக்க, நான் விழப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு போலன்னு தோணுது." மெதுவாகச் சொல்லத் தெரியாத மனிதர், வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். அந்தக் கோடியில் தட்டுகிற சத்தம் நின்றது.

நின்றேவிட்டது, மேடம் கேட்டுவிட்டார், அவ்வளவுதான், எல்லாம் போச்சு, இந்த டிரைவர் இதை நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, இவளுக்குக் காதுமடல் எரிந்தது, அப்படியானால் மாமியும் பயந்துகொண்டுதான் கன்னத்தைக் கிள்ளினாரா, டீச்சரும் பாவம் பார்த்துத்தான்... மன்னிப்புக் கேட்க வேண்டுமா, அழக் கூடாது, கண்ணாடியில் தெரியும், பெல்ட்டைப் பார்த்தாள், முட்டி வெளுத்துப்போகும்படி பிடித்திருந்த அந்தக் கை யாருடையது, அவர் கால் மேல் ஒரு நாளாவது அவரை நிற்க விட்டாளா, விடவில்லை, தூக்கியே வைத்திருந்தாள், நின்றாலும் நிற்கும் என்கிற காலை. விரல்களைத் தளர்த்தினாள். விழுந்தால், விழுந்தால் என்ன செய்வேன், பெல்ட் கையில்தான் இருக்கிறது, இருந்தாலும் விழுந்தால்... "வைங்க சார்" என்றாள். வலது கால் மேலே போனது, இடது முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது, உள்ளே மடங்கப் பார்த்தது, இவள் கை தானாகத் தூக்கப் பார்த்தது, தூக்கவில்லை, முழங்கால் ஆடிக்கொண்டே நின்றது, வலது கால் தரையைத் தொட்டது. "அட" என்றார் டிரைவர், பயத்தில் அவருக்கும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

மறுபடி தட்டுகிற சத்தம், கொஞ்ச நேரம்தான், பிறகு, "முடிஞ்சுது, அனுப்பிடவா?" என்று மேடம் கேட்டார். எப்போதும்போலத்தான் கேட்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, இப்போது நடந்ததை எழுதினாரா, அழித்துவிட்டு எழுதினாரா, கேட்க முடியுமா, கேட்க முடியாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும், அம்மாவிடமும் தம்பியிடமும் சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்றுதானே சொல்லிவைத்திருக்கிறாள், கிடைக்காவிட்டாலும் சும்மாதானே போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. "அனுப்புங்க மேடம்" என்று வாய் சொன்னது, அறைக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னது, டிரைவர் கண்ணாடியில் இவளை நிமிர்ந்து பார்த்தார். மார்க் இல்லை, கையும் இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை, இருந்தும் இந்தப் படிப்பு வேண்டும் என்றிருந்தது, சும்மா இல்லை, கிடைக்காவிட்டால் தாங்கமாட்டாள் என்கிற அளவுக்கு வேண்டும், ஐயோ, இது எப்போதிலிருந்து...