ஈறுக்கு ஒரு பொடி

தலைக்குப் போட வேண்டியதை வாயில் போட்டுக் கொப்பளித்தவன் நான் என்று இந்தப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், பல் இருக்கிறவர்கள்தானே… நாக்கு இன்னும் எரிகிறது. நான் கேட்டது ஈறுக்கு ஒரு பொடி, மூலிகைக் கடைக்காரர் கொடுத்தது பேனுக்கும் ஈருக்கும் தேய்க்கிற சீத்தாவிதைப் பொடி, அவரைச் சொல்லி என்ன பயன், றகரத்தை அழுத்தாதது நான், பேருந்து நிலைய மைக்கில் வருடக்கணக்காக ரகர றகரம் பிசகாமல் அறிவிக்கிற நான், புதிதாக வந்தவர்கள் 'மறவாதீர்கள்' என்பதை 'மரவாதீர்கள்' என்றால் புழுவைப் பார்ப்பதுபோல் பார்க்கிற நான், வாய்நாற்றத்துக்குப் பயந்து கையால் பொத்திக்கொண்டு முனகினேன். அவர் என் வழுக்கையைப் பார்த்தார், "உங்களுக்கேவா சார்?" எனக்குத்தான். "ரொம்ப நாளாவா?" ஆமாம். "ஐயோ பாவம்… நல்லா ஊற வெச்சு அலசுங்க, எல்லாம் செத்து உதிர்ந்துடும்." கிருமியைச் சொல்கிறார் என்று நினைத்தேன், மடையன், பல்லைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். "இது பேனுக்குப் போடறதாச்சே!" என்று மனைவி பொட்டலத்தைத் திருப்பிக் காட்டியபோது எனக்கு நுரை தள்ளிக்கொண்டிருந்தது, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பிறகு அவளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் பாதியைக் கொட்டிக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் மூலம் மச்சான், அவள் தம்பி, ஃபோனைப் பார்த்தே டாக்டரானவன். கிராம்பு எண்ணெய் தடவுங்க மாமா, மாசிக்காயைப் பொடிச்சுத் தேய்ங்க மாமா, கொய்யா இலையை மென்னு துப்புங்க மாமா, ஆடு தின்னாததையெல்லாம் நான் தின்றேன், ரத்தம் நிற்கவில்லை, "கெட்ட ரத்தம் மாமா, போகட்டும்" என்றான், போனதில் நல்ல ரத்தமும் இருந்திருக்காதா? சரி, அவனை ஃபோன் டாக்டர் என்கிறேனே, சொன்னதையெல்லாம் செய்தவனுக்கு என்ன பெயர்… மேல் முன்பல் இரண்டும் ஆடுகின்றன, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் நாக்கு தானாகப் போய்த் தட்டிப் பார்க்கிறது. போய்விட்டால் 'தடம்' என்று சொல்ல வாய் திறந்தால் காற்று வரும், பதிவு செய்த குரலை வைத்துக்கொள்கிறோம் என்று மேலாளர் ஏற்கெனவே கனைத்துக்கொண்டிருக்கிறார். "ஆடவே இல்லைங்க, உங்களுக்கு அப்படித் தோணுது" என்கிறாள் மனைவி, பாவி, அன்பாகப் பொய் சொல்லக் கற்றிருக்கிறாள், நானும் அன்பாக நம்பியிருக்கிறேன், வாயைத் திறந்து காட்டாமலே.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயது, இவளுக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது என்றுதான் சாய்ந்தேன், கம்பியால் ஈறைக் குத்தினாள், விளக்கு கண்ணில், என் வாயின் நாற்றம் எனக்கே அடித்தது, அவள் முகம் சுளிக்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

"இதுங்க நிக்குமாம்மா?"

"நிக்காது சார். ரெண்டையும் எடுக்கணும். மத்ததைக் காப்பாத்தலாம், நீங்களா வைத்தியம் பாக்கறதை விட்டீங்கன்னா."

"நான் மைக்ல பேசறவன்…"

"கொஞ்ச நாளைக்குக் காத்து போகும். பல்லு கட்டினதும் பேச்சு வந்துடும்."

"பழைய மாதிரியேவா?"

கையுறையைக் கழற்றினாள். மச்சானாக இருந்தால் இதற்கும் ஓர் இலை சொல்லியிருப்பான்.

"அது எனக்குத் தெரியாது சார்."