குளியல் தொட்டியில் அழுகண்ணி

அவள் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுபவள். அன்று காலை சாலையோரச் சதுப்பைத் தோண்டப்போனவள், வாளியை இறக்காமல் சட்டென்று நிறுத்தினாள். ஈர மண்ணோடு ஒட்டி, சின்னச் சின்ன வட்டங்களாய்ச் சிவப்புச் செடிகள். ஒவ்வொரு இலை மயிரின் நுனியிலும் ஒரு துளி. வெயில் ஏறியும் அது காயவில்லை.

“என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?” என்று கத்தினார் மேஸ்திரி.

“இல்லண்ணே, அஞ்சு நிமிஷம்.”

மண்ணோடு ஒரு பாளம் வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவர் தையல்காரர், முன்னறையில்தான் கடை.

“பூச்சி திங்கிற செடிங்க. அழுகண்ணின்னு பேரு.”

“பேரே அழுமூஞ்சியா இருக்கு. கொசுவைத் தின்னா சரி, இருந்துட்டுப் போகட்டும்.”

கொல்லையில் கிடந்த பழைய குளியல் தொட்டியில் மணலும் சதுப்பு மண்ணும் நிரப்பி நட்டாள். உரம் கிடையாது, மழைத் தண்ணீர் மட்டும். செடிகள் பூத்து, காய்த்து, தூசி போல விதையும் உதிர்த்தன.

பிறகு வெளியூர் வேலைக்கு மூன்று வாரம் போனாள். திரும்பியபோது எல்லாம் கருகிக் கிடந்தன.

“மழைத்தண்ணி தீர்ந்துபோச்சு. நாம குடிக்கிற குழாய்த்தண்ணிதானே ஊத்தினேன்!”

“அதுல இருக்கிற உப்பு அதுக்கு விஷம்ங்க.”

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை. மழை தொடங்கியதும் கூரையோரம் அண்டா, வாளி எல்லாம் வைத்துப் பிடித்து, தொட்டி மண்ணில் ஊற்றி ஊற்றி, உப்புப் போக வடியவிட்டார். மாதக்கணக்கில், யாரும் சொல்லாமல்.

ஒரு மத்தியானம் கொல்லையிலிருந்து அவர் குரல் கேட்டது. “ஏய், இங்க ஓடி வா!”

கறுத்த மண் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். குண்டூசித் தலை அளவுதான் ஒவ்வொன்றும். நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டுக் கைவிட்டிருந்தார். கடையிலிருந்த பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார். அந்தப் புள்ளியிலும் இலை இருந்தது, இலையில் மயிர், மயிரின் நுனியில் துளி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி வந்து ஒட்டியது. பக்கத்து மயிர் மெல்லச் சாய்ந்தது. அப்புறம் அடுத்தது.

“கண்ணில்ல, மூளையில்ல. எப்படிடி தெரியுது அதுக்கு?”

மலையையே வெட்டிச் சாய்த்தவள், மூச்சுக்காற்று படாமல் பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

வாசலில் யாரோ கால்சட்டை வாங்க வந்து, “ஐயா! ஐயா!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் எழுந்திருக்கவில்லை.