ஈசானிய மூலைத் தண்ணீர்

கட்டடக்கலைக் கல்லூரியில் கிளாட்சனுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘கக்கூஸ் சார்’. அது அவருக்கும் தெரியும். மற்ற ஆசிரியர்கள் கண்ணாடி முகப்பு, அந்தரத்தில் தொங்கும் மாடிப்படி என்று படம் காட்டிக்கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் குழாய், சாக்கடை, காற்றோட்டம், செப்டிக் டேங்க் என்று உயிரை வாங்கினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவருடைய வகுப்பையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தார்கள்.

தூங்காத ஒரே பெண் நிவேதா. வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஏகநாதனின் இளைய மகள். போன வருடம் அப்பா புது வீடு கட்டியபோது வரைபடம் போட்டது அவள்தான். வாஸ்துக்காரர் சொன்னபடி போர்வெல் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். கிளாட்சன் சொன்னபடி இரண்டுக்கும் நடுவே ஐம்பது அடி. ஏகநாதன் இரண்டு மனையைச் சேர்த்து வாங்கியிருந்ததால் வாஸ்துக்காரர் பேச்சும் நிறைவேறியது, வாத்தியார் பேச்சும் நிறைவேறியது. அந்த வரைபடத்தை அவள் கொண்டுவந்து காட்டிய அன்று கிளாட்சனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் பாடத்தையும் ஒரு பிள்ளை காதில் வாங்கியிருக்கிறதே என்று வீட்டில் மனைவி ரோசியிடம்கூடச் சொன்னார்.

அந்த வீட்டில்தான் இப்போது சாவு விழுந்திருந்தது. நிவேதாவின் அக்கா ஜெயமணி மண்ணாடிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஒன்பதாம் மாதம் மஞ்சள் காமாலை கண்டு, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். தண்ணீரால் வந்த காமாலை என்று டாக்டர் சொன்னதும், மருமகன் வீட்டுத் தண்ணீர்தான் பெண்ணைக் கொன்றது என்று ஏகநாதன் சம்பந்தி வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டார்.

காரியம் முடிந்து அன்றுதான் நிவேதா வகுப்புக்கு வந்திருந்தாள். அன்றைய பாடம் குடிநீர். கிளாட்சன் வேறு பாடத்துக்குத் தாவியிருக்கலாம். புத்தி அவ்வளவு தூரம் ஓடவில்லை. கை வேலையாக இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்து, எல்லாரும் அவரவர் தெருவை வரையச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் பரிவு காட்டுவதாக எண்ணிக்கொண்டு, “நீ போர்டுல போடும்மா” என்றும் சொல்லித் தொலைத்தார்.

அவள் சாக்பீஸை எடுத்தாள். கிழக்கு மேற்காக ஒரு தெரு. அதன் வடக்கே வரிசையாக வீடுகள். “எங்க லேஅவுட்ல எல்லா வூடும் ஒரே மாதிரிதான் சார். எல்லாருக்கும் ஒரே வாஸ்துக்காரருதான் பாத்தாரு” என்றபடி ஒவ்வொரு மனையிலும் வடகிழக்கு மூலையில் போருக்கு ஒரு வட்டம் போட்டாள். பிறகு வடமேற்கு மூலையில் டேங்குக்கு ஒரு கட்டம்.

மூன்றாவது வீட்டிலேயே கிளாட்சனுக்கு விளங்கிவிட்டது. ஒரு வீட்டின் ஈசானிய மூலையும் அதற்குக் கிழக்கு வீட்டின் வாயு மூலையும் ஒரே இடம். நடுவில் இருப்பது ஒரு காம்பவுண்டு சுவர். தெரு முழுக்க, ஒவ்வொரு வீட்டுப் போரும் பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்கை ஒட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருடமும் ஐம்பது அடி, ஐம்பது அடி என்று தொண்டை கிழியக் கத்தியவர், அந்த ஐம்பது அடியைச் சுவரைத் தாண்டி அளக்க ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. பாடப் புத்தகத்துப் படத்தில் மனை எல்லையோடு உலகம் முடிந்துவிடும். அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

“போதும்மா, உக்காரு” என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாக்பீஸ் நின்றுவிட்டது.

நிவேதா தன் வீட்டு வட்டத்தையும் அதை ஒட்டியிருந்த கிழக்கு வீட்டுக் கட்டத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள், அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து.

“அக்கா இங்க வந்துதான் சார் இந்தத் தண்ணிய குடிச்சா” என்றாள். “கேன் தண்ணி வாணாம், நம்ம போர் தண்ணி இனிப்பா இருக்குன்னு அம்மா இதத்தான் குடுத்தாங்க.”

கிளாட்சனுக்கு அந்த ஊர் மண் தெரியும். அந்தப் பக்கம் மணல் பாங்கான மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஊரில் யாரும் செப்டிக் டேங்குக்கு அடியில் சிமெண்டுத் தளம் போடுவதில்லை. போட்டால் சீக்கிரம் நிரம்பிவிடும், லாரி கூப்பிட வேண்டும். போடாமல் விட்டால் மண்ணே குடித்துக்கொள்ளும்.

அவள் பார்வை பலகையில் மேற்கே நகர்ந்தது. தன் வீட்டு வாயு மூலையில் அவளே பார்த்துப் பார்த்து வைத்த கட்டம். அதை ஒட்டி, மேற்கு வீட்டின் வட்டம்.

“சார், மேற்கால வூட்டுக் கலியம்மாக்காவோட பொண்ணு திலகா பிரசவத்துக்கு வந்திருக்குது.”

“போன் போடு.”

“எடுக்க மாட்டாங்க சார். அக்கா போனதுலருந்து எங்ககூட பேசறதில்ல. புள்ளத்தாச்சி செத்த வூடுன்னு எங்க நெழலே படக் கூடாதுங்கறாங்க. நான் போனா கதவே தொறக்க மாட்டாங்க. நீங்க வாங்க சார்.”

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெருமுனையிலேயே அவள் இறங்கிக்கொண்டு, தள்ளியே பின்னால் நடந்து வந்தாள்.

கலியம்மாள் கேட்டைப் பாதி திறந்து, இன்னா விஷயம் என்றாள். கிளாட்சன் தான் யார் என்று சொல்லி, போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பக்கத்து வீட்டு டேங்க் தண்ணீர் அதில் இறங்குகிறது என்று தெரிந்த வரை எளிமையாகச் சொன்னார். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

“அந்த வூட்டுலருந்து ஒண்ணும் எங்க வூட்டுக்குள்ள வராது சார். அந்தப் பொண்ணு போன அன்னிக்கே நடுச்செவுரு நெடுக வேப்பில கட்டிட்டோம். சாயங்காலமானா சாம்பிராணி போடறோம். எம்பொண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல.”

“வேப்பிலைக்குத் தண்ணி நிக்காதும்மா.”

“போர் போடறப்ப பூச போட்டு ஈசானியத்துல போட்டது சார். கங்க மாதிரி தண்ணி. வெயில்ல வந்திருக்கீங்க, குடிச்சுத்தான் பாருங்களேன். திலகா, சாருக்குத் தண்ணி கொண்டாம்மா.”

நிறைமாதத்துப் பெண் சொம்போடு மெல்ல வெளியே வந்தாள். சின்ன வயது, கை நிறையக் கண்ணாடி வளையல். சொம்பை வாங்க நிமிர்ந்த கிளாட்சன் அவள் கண்களைப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

“சாப்பாடு எறங்குதாம்மா?”

“இல்ல சார். சோத்த கண்டாலே கொமட்டுது. அம்மா சுத்திப் போட்டாங்க, அப்பவும் நிக்கல.”

கிளாட்சன் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, “இது காமாலை. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளாதீங்க” என்றார். கலியம்மாளுக்கு முதலில் அது ஏறவில்லை. மகளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கிளாட்சனே தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

மகளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தபோதுதான் கலியம்மாள் தெருவில் நின்ற நிவேதாவைப் பார்த்தாள்.

“நீ இங்க எதுக்குடி வந்து நிக்கிற? உங்க அக்காள முழுங்கினது பத்தலியா? எம்பொண்ணு மேல உங்கண்ணு படணுமா?”

“அந்தப் பொண்ணுதாம்மா உங்களுக்குச் சொல்லணும்னு என்னைக் கூட்டிவந்தது” என்றார் கிளாட்சன். கலியம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையால் மகளின் முகத்தை மூடினாள். திலகா பயந்துபோய் நடையை நிறுத்திவிட்டாள். ஏறு என்று அம்மா சொல்லியும் கால் நகரவில்லை.

நிவேதா தன் வீட்டுக் காம்பவுண்டு சுவரோரம் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி, நெற்றி சுவரில் படும்படி நின்றுகொண்டாள். அதன் பிறகுதான் திலகா ஆட்டோவில் ஏறினாள்.

வண்டி கிளம்பிப் போனது. கிளாட்சன் நிவேதாவின் அருகே போய் நின்றார்.

“ஆட்டோ போய்டுச்சா சார்?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் நிவேதா.

“போய்டுச்சும்மா.”

அவள் திரும்பவில்லை.