தேவ்ஷிபாயின் நீளக்கோல்

வார்ப்பு முடிந்ததும் ஜிப்சம் அச்சைத் தம் கையாலேயே உடைத்துப் பொடியாக்குவது ராஜ்கோட்டுத் தேவ்ஷிபாயின் மாறாத வழக்கம். பிளாஸ்டிக் வார்க்கும் எந்திரத்தில் பொருத்துவதற்கான உலோக அச்சுகளை, ஜிப்சம் அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்வது அவர் தொழில். ஒரு சில்லு வெளியே போனாலும் வடிவம் களவுபோகும் என்று அஞ்சி, அதை உடைக்கும் சுத்தியலை வேறெவரையும் அவர் தொடவிட்டதில்லை.

அப்படிப்பட்டவரின் கண்ணில், ஒருநாள் கடைத்தெருவில் மயில் பொறித்த பிளாஸ்டிக் சீப்பு ஒன்று பட்டது. வாடிக்கையாளர் ரசிக்பாய்க்காக அவர் அச்சு வார்த்துக் கொடுத்த அதே மயில். ரசிக்பாயோ தீபாவளிக்குத்தான் சரக்கைக் கடைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார். தேவ்ஷிபாய் சீப்பை வாங்கிவந்து, பட்டறை மேசையில் கிடந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார். வரைபடத்தைவிட நெல்மணியளவு குறைந்தது.

அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. உலோகம் ஆறினால் சுருங்கும். வார்த்த பொருளிலிருந்து மறுபடியும் வார்த்தால் நகல் இன்னும் சுருங்கும். ஆகவே இது நகல். நகலெடுக்கக் கொடுத்தவன் தம் பட்டறையில் அச்சுக் கட்டும் நான்ஜியாகத்தான் இருக்கவேண்டும். ரசிக்பாயிடம் கேட்டால், களவு வெளியே தெரிந்து வாடிக்கையே போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். நான்ஜியின் சாப்பாட்டு டப்பாகூட அவருக்குச் சந்தேகமாய்த் தெரிந்தது.

தேநீர் வேளையில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "என்ன நான்ஜி, டப்பா கனக்குது? உள்ள ரொட்டியா, என் மயிலா?"

"கம்பு ரொட்டிதான் சேட். வேணும்னா பிச்சுப் பாருங்க."

"திருட்டுக் கையால என் டீயைத் தொடாதே."

நான்ஜி சாசரில் ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியேறினான்.

"ஒரு ஆணியக்கூட எடுத்துட்டுப் போகாத ஆளு சேட் அவரு," என்றாள் ஜிப்சம் குழைக்கும் சவிதாபென்.

மறுநாள் பேடா டப்பாவோடு ரசிக்பாய் வந்தார். "கோவிச்சுக்காதீங்க தேவ்ஷிபாய். கல்யாண சீசன் பாருங்க, பொறுக்க முடியல. சரக்கை முன்னாடியே விட்டுட்டேன்."

அவர் கொடுத்த சீப்பையும் தேவ்ஷிபாய் அளந்தார். அதே நெல்மணி குறைந்தது. கோலைத் திருப்பினார், அதன் முதுகில் சிவப்புக்கோடு. சுருக்கத்துக்கு ஈடாகக் கோடுகளைத் தள்ளித்தள்ளிப் போட்ட, வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செதுக்குவோரின் நீளக்கோல் அது. அதில் எதை வைத்தாலும் குறைவாகத்தான் காட்டும்.

தேவ்ஷிபாயே நான்ஜியின் வீட்டுக்குப் போய் அவனை அழைத்துவந்தார். தேநீர் வேளை வரை காத்திருந்து, அதே ஆட்கள் முன்னிலையில் சொன்னார்: "நான்ஜி திருடல. நான்தான் நீளக்கோலை வச்சு அளந்துட்டு, வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தப்பு என்னோடது."

"இன்னிக்கும் டப்பா கனமாத்தான் இருக்கு சேட்," என்றான் நான்ஜி, சிரிக்காமல்.

தேவ்ஷிபாய் சாசரில் தேநீர் ஊற்றி அவனிடம் நீட்டினார். அவன் குடித்து முடித்ததும் சுத்தியலை அவன் கையில் வைத்தார். "இன்னிக்கு வார்த்த அச்சை நீயே உடை."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். முதல் அடி விழுந்த ஓசை கேட்டது. அவர் திரும்பவில்லை.