அக்காவின் நாற்காலிக்குப் பின்னால்

என் மகளை மரமாக்கியவளைப் பழிவாங்க அடுத்த பாடப் பருவம்வரை காத்திருந்தேன். நான் அவசரப்படவில்லை. மொத்த விலைப் பாத்திரக்கடையின் கல்லாப்பெட்டிக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள் நான். விலை ஏறும்வரை சரக்கைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாதவர்களை எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேர் சொல்லிச் சிரிப்பார்கள்.

மரமாக்கியவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீடு ஒன்றுதான். மாடி அவளுக்கு, கீழ்த்தளம் எங்களுக்கு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். தன் மகன் இளவரசனுக்குச் சொல்லிக்கொடுக்கிற தகுதி எந்தப் பள்ளியிலும் யாருக்கும் இல்லை என்று அவள் நிறுத்திவிட்டாள். என் மகளை நான் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. அவளுக்கு வாய் திக்கும். வகுப்பே சேர்ந்து அவளைப் போலப் பேசிக் காட்டியது. டீச்சர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஒல்லியாக, கூராக இருப்பாள். வீட்டில் அவள் பெயர் குண்டூசி.

எங்களைப் போல வீட்டில் படிக்கவைக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருக்கிறோம். கணக்கும் அறிவியலும் அவரவர் வீட்டில். விருப்பப் பாடம் மட்டும் பொதுவில். பெற்றோரில் யாருக்கு எது வருமோ அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு அப்பா தச்சு வேலை எடுப்பார். பல் டாக்டரம்மா ஓவியம் எடுப்பாள், பல்லைப் பற்றி எந்தப் பிள்ளையும் கேட்க விரும்பாததால். அக்கா நாடகம்.

பருவம் தொடங்கும்போது நாற்காலி நாள். பாடம் எடுக்கிறவர்கள் கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து தங்கள் சரக்கைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு பிள்ளைகள் எழுந்து, யாருடைய பாடம் வேண்டுமோ அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அப்பா அம்மா கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. ஐந்து பேராவது நின்றால்தான் பாடம் நடக்கும். இல்லையென்றால் அந்தப் பருவம் அந்தக் கடைக்கு மூடுவிழா. எடுத்த பாடம் பிடிக்காவிட்டால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாறிக்கொள்ளலாம்; அப்படி ஐந்து பேர் சேர்ந்தால் மூடிய கடையும் திறக்கும்.

அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம் நிற்கும். போன பருவம் அந்தக் கூட்டத்தில் குண்டூசியும் நின்றாள். ராணி வருவதை அறிவிக்கும் காவலாளி வேடம். ஒரே ஒரு வரி. அதை எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவிடம் ஆயிரம் முறை சொல்லிப் பழகினாள். கடைசி ஒத்திகைக்குப் பெற்றோர் எல்லாரும் வந்திருந்தோம். மேடையில் குண்டூசியின் வாய் முதல் எழுத்திலேயே நின்றது. அக்கா கையைத் தட்டி நிறுத்தினாள்.

"இவ ராணி வர்றதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ராணி பேரன் பேத்தியே எடுத்துருவா!"

கூடமே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அவர் கணக்கை வீட்டில் தனியாகத் தீர்த்துக்கொண்டேன்.

"அழாத கண்ணு, உனக்கு வேற நல்ல வேஷம் இருக்கு" என்றாள் அக்கா. குண்டூசி அழவே இல்லை. நாடகத்தன்று அட்டை இலைகளை உடம்பெல்லாம் கட்டிக்கொண்டு கையை விரித்து, தொடக்கம் முதல் முடிவுவரை மரமாக நின்றாள். காவலாளி வேடம் இளவரசனுக்குப் போனது. முடிந்ததும் அக்கா என் தோளில் தட்டி, "எவ்வளவு அமைதியா நின்னா பாத்தியா? மரத்துக்குன்னே பொறந்த மாதிரி!" என்றாள். நானும் சிரித்தேன். எங்கள் கடையில் பொருளைக் கையில் எடுத்துக் குறை சொல்லுகிறவரிடம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

அடுத்த நாற்காலி நாளில் நானும் ஒரு நாற்காலி போட்டேன்.

"நீயா? நீ என்னத்தச் சொல்லித் தரப்போற?" என்று அக்கா ஆச்சரியப்பட்டாள்.

"பேரம் பேசறது."

"அது ஒரு பாடமா! பிள்ளைங்களக் கொண்டுபோய்ச் சந்தையில விடப்போறியா?"

"வாங்கறதுக்கு மட்டுமா பேரம், அக்கா?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "ராத்திரி எப்பப் படுக்கணும், போன் எவ்வளவு நேரம், யார் பாத்திரம் கழுவணும், எல்லாமே பேரம்தான். இதுவரைக்கும் உங்க வீட்டுல உங்ககிட்ட யாராவது விலை கேட்டிருக்காங்களா? அவங்களே விலை போட்டு அவங்களே வித்துட்டாங்க. என்கிட்ட வாங்க. நான் சொல்லித் தரேன்."

பல் டாக்டரம்மா "ஐயையோ" என்றாள். அதற்குள் அவள் மகள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தச்சு அப்பாவின் இரட்டையர்கள் நாற்காலியைத் தள்ளிவிடாத குறையாக ஓடிவந்தார்கள். கடைசியில் இளவரசனும் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"டேய்! நீ எங்கடா போற?" என்றாள் அக்கா, விதியை மறந்து.

"போன் விஷயமா, அம்மா" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

சுவர் மட்டும் இல்லை. குண்டூசி நின்றாள். தன்னந்தனியாக.

அக்காவுக்கே நம்ப முடியவில்லை. ஒருவர்தான் நின்றதால் நாடகம் ரத்து. விதிப்படி குண்டூசி வேறு நாற்காலிக்கு வர வேண்டும். நேராக வந்து எனக்குப் பின்னால் நின்றாள். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "அவ உன்ன மரமாக்கினாடி! அங்க போய் நிக்கறியே, ரோஷம் இல்ல?"

"ம...மரமா நின்னப்ப எல்லாரோட வசனமும் மனப்பாடம் ஆயிடுச்சும்மா. ராணியோடதும் சேத்து."

"அதுக்கு?"

"பேசணும்."

"பேச வேற இடமே இல்லையா?"

"மேடை அவங்ககிட்டதானே இருக்கு. நீதான் அத மூடிட்ட."

அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். நான் சமையலறையில் நின்று கரண்டியைத் தேவையில்லாமல் கழுவினேன். எதிரியின் கடையை மூடவைத்த அன்றைக்கே, அந்தக் கடையின் ஒரே வாடிக்கையாளர் என் மகள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? இருந்தாலும் காலையில் மாடிப்படியில் அக்காவின் வாடிய முகத்தைப் பார்த்தபோது சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒருநாள் அவளே படியிறங்கி வந்து, "பிள்ளைங்கள அனுப்பிவிடும்மா" என்று கேட்பாள். அன்றைக்கு ராணி பேரன் பேத்தி எடுக்கும் கதையை அவளுக்கே திருப்பிச் சொல்லுவேன். சொல்லவேண்டிய குரலைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டேன்.

பாடம் தொடங்கியது. முதல் வகுப்பைச் செருப்புக் கடையில் வைத்தேன். இரட்டையரில் ஒருவனுக்கு வாங்கிய செருப்பு கடிக்கிறது, மாற்ற வேண்டும்.

"பில் எங்க தம்பி?" என்றார் கடைக்காரர்.

"பில் இருந்தா நான் எதுக்குண்ணே பேசப்போறேன்? நேரா மாத்திட்டுப் போயிருவேனே!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தவர் தோற்றார். புதுச் செருப்போடு வெளியே வந்தோம். அதற்குப் பிறகு பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பல் டாக்டரம்மா போனில் அழாத குறை. "என் பொண்ணு படுக்கற நேரத்த ஒரு மணி நேரம் தள்ளிட்டா. நானே சரின்னு சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னே தெரியல!" குண்டூசி மட்டும் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தாள். எதையும் கேட்கவில்லை. வீட்டிலும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே உஷாராகியிருப்பேன்.

இரண்டாம் வாரம் முடிய ஒருநாள் இருக்கும்போது, நான் காய் நறுக்கும் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நாளைக்கு எல்லாரும் நாடகத்துக்கு மாறறோம்."

"எல்லாருமா? யாரு சொன்னது?"

"நான் பேசிட்டேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா."

"என் பாடம் அவங்களுக்கு உசிருடி!"

"உசிருதான். ஆனா அவங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. எல்லாருக்கும் படுக்கற நேரம் தள்ளிப் போயாச்சு, இளவரசனுக்குப் போனும் வந்தாச்சு. இனிமே உன்கிட்ட என்ன வேலை?"

கத்தியைக் கீழே வைத்தேன். என் சரக்கை என்னிடமே கற்றுக்கொண்டு என் கடையையே காலி செய்திருக்கிறாள்.

"உன் பெரியம்மாகிட்டயும் பேசிட்டியா?"

தலையாட்டினாள். திக்கித் திணறி, ஆனால் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளைகளை இவள் கூட்டிவருவாள். பதிலுக்கு நாடகத்தில் வக்கீல் வேடம் இவளுக்கு. பக்கம் பக்கமாக வசனம் உள்ள வேடம். இவள் பேசும்போது பெரியம்மா குறுக்கே பேசக் கூடாது, வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஒருமுறை மீறினாலும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "அவ எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாளா?"

"ஒண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"நீ மேல வந்து, எல்லாப் பெத்தவங்க முன்னாடியும், 'அக்கா, நீங்கதான் நாடகம் எடுக்கணும்'னு கேக்கணுமாம்."

"முடியாதுன்னு சொன்னியா?"

"சரின்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! அவ படியிறங்கி வரணும்னுதானேடி நான் இவ்வளவு நாளும்..."

"தெரியும். அதைத்தான் குடுத்துட்டேன். வ...வ...வலிக்காததை விட்டுக்கொடுன்னு வகுப்புல நீதானே சொன்னே? எனக்கு அது வலிக்கல."

"எனக்கு வலிக்குதுடி!"

"அது உன்னோடதும்மா" என்றாள். ஒரு கேரட் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மாலை படியேறினேன். அக்காவின் கூடத்தில் வட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அவள் நடு சோபாவில், மகாராணி மாதிரி. சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"என்னம்மா, காதுல விழல" என்றாள்.

"அக்கா, நீங்கதான் நாடகம் எடுக்கணும்."

"நான் எடுத்தாத்தான் சரியா வரும்ங்கற?"

ஒப்பந்தத்தில் அந்த வார்த்தை இல்லை. குண்டூசி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்து, "ஆமாக்கா" என்றேன். அக்கா எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எனக்கு டீ கொண்டுவரச் சொன்னாள். அதைக் குடித்தேன். இவ்வளவு கசப்பான டீயை நான் குடித்ததே இல்லை, இத்தனைக்கும் சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தாள்.

முதல் ஒத்திகைக்கு அழைக்காமலே போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். இளவரசன் நீதிபதி. இரட்டையர்கள் காவலர்கள். குண்டூசி கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். "க" என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஒருவர்கூடக் குண்டூசியைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அக்கா மேல் இருந்தன, எந்த நொடியும் எழுந்துபோகத் தயாராக. அக்காவின் உதடு "கனம்" என்று குவிந்தது. அப்படியே பூட்டிக்கொண்டது. அவள் கண் சுவர்க் கடிகாரத்தை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தது. கையிலிருந்த வசனத்தாள் சுருண்டு குழாயானது. பிறந்ததிலிருந்து ஊரில் எல்லார் பேச்சையும் தானே முடித்துவைத்துப் பழகிய பெண்மணி, தன் வீட்டுக் கூடத்திலேயே வாயை மூடிக்கொண்டு ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே" என்றாள் குண்டூசி. வந்துவிட்டது. அடுத்த வரி சரளமாக ஓடியது. அதற்கடுத்த வரியில் மறுபடி நின்றாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை நின்றபோது மட்டும், அது திக்கலா வேறு ஏதாவதா என்று பெற்ற எனக்கே பிடிபடவில்லை. அவள் வாய் நிதானமாக மூடியிருந்தது. பார்வை பெரியம்மாவின் முகத்திலேயே ஊன்றியிருந்தது. இமைக்கக்கூட இல்லை.

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். ஏதாவது செய்யேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நான் காலை நீட்டி, இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.